காருக்குள் மழைத்தண்ணீர்: அடைக்கும் முன் வழியைத் தேடுங்கள்

காருக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஓட்டையைத்தான். கடையில் ஒரு குழாய் சிலிக்கோன் வாங்கி வந்து, ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே உள்ள கண்ணாடி ஓரத்தில் பூசிவிடுவார்கள். இரண்டு நாள் வெயில் அடிக்கும். கார் காய்ந்துவிடும். வேலை முடிந்தது என்று நிம்மதி. மூன்றாம் நாள் மழை பெய்ததும் அதே இடத்தில் அதே தண்ணீர். பூசிய சிலிக்கோன் மட்டும் கறுத்துப்போய் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறை வட்டாரத்தில் கார் வைத்திருப்போருக்கு இது புதிய கதை அல்ல. தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்கிறவர்களின் கார்கள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று திறந்தவெளியில் நிற்கின்றன. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரின் காருக்கு இரவிலும் கூரை கிடையாது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். ஏப்ரல், மே மாதங்களிலும் மாலை நேரத்தில் இடியோடு கொட்டும். பகல் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. மாலையில் அந்த வெடிப்பின் மேல் மழை விழுகிறது. போதாததற்குக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

கார்களுக்கும் வயதாகிவிட்டது. முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது 1985-இல். புரோட்டோன் வீரா 1993-இலும் பெரோடுவா கஞ்சில் 1994-இலும் வந்தன. வீரா, கஞ்சில் இரண்டின் உற்பத்தியும் 2009-இல் நின்றுவிட்டது. அப்படியென்றால் சாலையில் ஓடும் வீராக்களிலும் கஞ்சில்களிலும் கடைசியாக வந்தவற்றுக்கே பதினைந்து வயதுக்கு மேல். 2000-இல் வந்த வாஜாவும் 2005-இல் வந்த முதல் மைவியும் அதே வரிசையில் சேர்ந்துவிட்டன. இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலருக்கு வேறு கார் வாங்கும் வசதி இல்லை. கார் இருந்தால்தான் நேரத்தோடு வேலைக்குப் போக முடியும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். ஆகவே ஒழுகுகிற காரைத் தூக்கிப்போடு என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதைச் சரியாகப் பழுதுபார்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

கார் தண்ணீர் புகாத பெட்டி அல்ல

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. காரைத் தயாரித்தவர்கள் அதைத் தண்ணீரே நுழையாத டப்பாவாகச் செய்யவில்லை. தண்ணீர் சில இடங்களில் உள்ளே வரும் என்று தெரிந்தே, அது வெளியேறவும் வழி வைத்திருக்கிறார்கள்.

பழைய ஓட்டு வீட்டை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கூரையில் விழும் மழை பீலியில் இறங்கி, குழாய் வழியாகத் தரைக்குப் போகிறது. பீலியில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்பக்கமாக வழிந்து சுவரில் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு யாரும் ஓடு உடைந்துவிட்டது என்று கூரை முழுவதும் சிமெண்டு பூசுவதில்லை. ஏணி வைத்து ஏறி, பீலியைச் சுத்தம் செய்வார்கள். காருக்கும் அதே வைத்தியம்தான். ஆனால் கார் விஷயத்தில் நாம் சிமெண்டு பூசுகிற ஆளாகிவிடுகிறோம்.

கதவையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் இருபுறமும் ரப்பர் பட்டை இருக்கிறது. மழை பெய்யும்போது அந்தப் பட்டையைத் தாண்டி ஓரளவு தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். புதிய காரிலும் அப்படித்தான். இறங்கிய தண்ணீர் கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாகச் சாலையில் விழுந்துவிடும். அந்தத் துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் கதவே ஒரு தொட்டியாகிவிடும். காரைத் திருப்பும்போதோ கதவைச் சாத்தும்போதோ 'சளக் சளக்' என்று சத்தம் கேட்டால், தண்ணீர் அங்கே நிற்கிறது என்று அர்த்தம். ஒரு மெல்லிய குச்சியோ பிளாஸ்டிக் கட்டும் பட்டையோ போதும். கீழிருந்து குத்திவிட்டால் தண்ணீர் கொட்டிவிடும். காசு செலவில்லாத வேலை.

கதவில் இன்னொரு சங்கதியும் உண்டு. உள்பக்க அட்டையைக் கழற்றினால் அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். பார்க்க ஏதோ கடையில் கட்டிக்கொடுத்த பை மாதிரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் சிதறாமல் கீழே உள்ள துளைகளுக்குத் திருப்பிவிடுவது அந்தத் தாள்தான். புரோட்டோன் கார்களின் பவர் விண்டோ பழுது நாடறிந்த நகைச்சுவை. ஒவ்வொரு முறை மோட்டார் மாற்றும்போதும், ஸ்பீக்கர் பொருத்தும்போதும் அந்தத் தாளைக் கிழித்துத்தான் கையை விட வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் அதை மறுபடி ஒழுங்காக ஒட்டுகிறவர்கள் குறைவு. பிறகு மழை பெய்ததும் கதவின் உள்பக்கமாகத் தண்ணீர் வழிந்து கார்பெட்டை நனைக்கும். உரிமையாளரோ கதவைச் சுற்றியுள்ள ரப்பரைக் காசு கொடுத்து மாற்றுவார். ரப்பர் புதிதாக இருக்கும். கார்பெட் ஈரமாகவே இருக்கும். கனமான பிளாஸ்டிக் தாளைக் கதவின் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் பசை நாடாவால் சுற்றிலும் ஒட்டினால் தீர்ந்தது. ஒட்டும்போது தாளின் கீழ்முனை கதவின் உட்குழிக்குள் போக வேண்டும், வெளியே தொங்கக்கூடாது. அது வெளியே தொங்கினால் தண்ணீர் நேராகக் காலடிக்குத்தான் வரும்.

அடுத்த இடம் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பகுதி. பொன்னெட்டைத் திறந்தால் அங்கே கறுப்பு நிறத்தில் துவாரங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் அடியில் வாய்க்கால் போல ஒரு பள்ளம். முன்கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அந்தப் பள்ளத்தில் இறங்கி, இரு ஓரங்களிலும் உள்ள வடிகால் வழியாக வெளியே போகிறது. காருக்குள் வெளிக்காற்று வரும் வாயும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. தூங்குமூஞ்சி மரத்துக்கும் அங்சானா மரத்துக்கும் அடியில் நிழலுக்காகக் காரை நிறுத்துகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சிறு சிறு இலைகளும் பூக்களும் விழுந்து, மழையில் ஊறி, மக்கி, கறுப்புச் சேறாகக் கிடக்கும். சில கார்களில் செடி முளைத்திருப்பதும் உண்டு. வடிகால் அடைத்ததும் பள்ளத்தில் தண்ணீர் உயர்ந்து, காற்று வரும் வாய் வழியாக உள்ளே கொட்டுகிறது. நனைவது பெரும்பாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால்வைக்கும் இடம்.

வெயில் நாளிலும் ஈரமா?

அதே இடம் மழையே பெய்யாத நாளிலும் நனையலாம். இங்கேதான் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

ஏர்கோன் ஓடும்போது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்சுருளின் மேல் காற்றின் ஈரம் படிந்து நீராகச் சொட்டுகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். பினாங்குக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் இந்தத் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. நீண்ட பயணத்தில் லிட்டர் கணக்கில் சேரும். அது ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். நிறுத்திய காரின் அடியில் தெளிந்த தண்ணீர் சிறு குட்டையாக நின்றால் பயப்படத் தேவையில்லை, அது நல்ல அறிகுறி. கால் மணி நேரம் ஏர்கோன் ஓடியும் தரை காய்ந்தே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பழைய மாடல்களில் பலவற்றில் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் பில்டர் கிடையாது. தூசியும் சருகுத் தூளும் குளிர்சுருளில் படிந்து, குழம்பாகி, அந்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள பல கார்களில் குளிர்சுருள் இடப்பக்க டேஷ்போர்டுக்குள் இருப்பதால், நிரம்பி வழிவதும் அதே பக்கத்து இருக்கைக் காலடியில்தான்.

ஆகவே ஈரம் எங்கே என்று பார்ப்பதைவிட எப்போது என்று பார்ப்பதே பயன் தரும். வெயில் நாளில் ஏர்கோன் போட்டு ஓட்டியபின் நனைந்தால் குளிர்சுருளின் வடிகுழாய். நிறுத்திவைத்த காரில் மழை பெய்த பின் நனைந்தால் மேலிருந்து வரும் தண்ணீர். நின்றபோது காய்ந்திருந்து, ஈரச் சாலையில் ஓட்டிய பிறகு நனைந்தால் கீழிருந்து வருகிறது. தரைத்தகட்டில் உள்ள ரப்பர் மூடி ஒன்று விழுந்திருக்கும், அல்லது துரு தின்ற ஓட்டை இருக்கும். சரிவில் மூக்கை மேலே வைத்து நிறுத்தினால் ஒரு பக்கமும், கீழே வைத்து நிறுத்தினால் வேறு பக்கமும் நனைகிறதா என்பதும் ஒரு துப்பு.

தண்ணீரைத் தொட்டும் பார்க்க வேண்டும். மழைத்தண்ணீரில் மண் கலந்திருக்கும். ஏர்கோன் தண்ணீர் தெளிவாக இருக்கும். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் அது ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். ஹீட்டர் உள்ள கார்களில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர் ஒழுகினால் இப்படி ஆகும். நம் நாட்டில் விற்ற மலிவு விலைக் கார்கள் பலவற்றில் ஹீட்டர் இல்லை. இருக்கும் காரில் இதைத் தள்ளிப்போடக்கூடாது. கூலண்ட் நச்சுத்தன்மை உள்ளது; அது குறைந்துகொண்டே போனால் எஞ்சினும் சூடேறிக் கெட்டுவிடும்.

குழாயும் டார்ச் விளக்கும்

சந்தேகப்படும் இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று என்றாலும், கையோடு பசையை எடுக்காமல் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே தோட்டக் குழாயோடு நிற்பார். மற்றவர் டார்ச் விளக்கோடு காருக்குள் இருப்பார். அதற்கு முன் கார்பெட்டைத் தூக்கி, சந்தேகப்படும் பக்கத்தின் பிளாஸ்டிக் ஓரங்களைக் கழற்றி, தகட்டைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். துடைத்த தகட்டின் மேல் பழைய பத்திரிகைத் தாளைப் பரப்பி வைத்தால், முதல் சொட்டு எங்கே விழுகிறது என்பது அதில் உடனே தெரிந்துவிடும். முகத்துக்குப் போடும் பவுடரைத் தகட்டில் தூவினாலும் தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும்.

குழாயில் தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும். கார் கழுவும் கடையில் உள்ள அழுத்தக் குழாய் இதற்கு ஆகாது. அந்த வேகத்தில் அடித்தால் நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். இல்லாத ஓட்டை இருப்பது போலத் தோன்றும். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும் என்பது இந்தச் சோதனையின் உயிர். முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு நடுப்பகுதி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில்தான் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், ஒன்றும் தெரியாது. பொறுமை இல்லாதவர்கள் இரண்டு மணி நேர வேலையை இரண்டு மாத வேலையாக்கிக்கொள்வது இங்கேதான்.

கதவு ரப்பரைச் சோதிக்கத் தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பார்க்கலாம். இறுக்கமாக வந்தால் ரப்பர் பிடிக்கிறது. தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் நசுங்கிவிட்டது, அல்லது கதவு தொங்கிவிட்டது. பட்டறைகளில் இன்னொரு முறையும் உண்டு. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றாடியை முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். பிறகு வெளியே கண்ணாடி ஓரங்களிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுவார்கள். காற்று கசியும் இடத்தில் நுரை குமிழ் விடும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான், தலைகீழாக.

பூட்டுக்குள் தண்ணீர் நின்றால் முதலில் பின்விளக்குகளைப் பார்க்க வேண்டும். விளக்குக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள ஸ்பாஞ்ச் வளையம் இருபது வருடத்தில் பொடியாகிவிடும். விளக்கைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, புதிய வளையம் வைத்தால் பல கார்களில் கதை முடிந்துவிடும். அதோடு தீராவிட்டால் பூட் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர், எண் தகட்டு விளக்கு, ஏரியல் அடிப்பகுதி, பின்கண்ணாடி, கூரை ஓரத்தில் நீளமாக ஓடும் பட்டைக்குக் கீழே உள்ள இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பின்பம்பருக்கு மறைவில் காருக்குள் இருக்கும் காற்று வெளியேற வைத்திருக்கும் மடல்களும் வயதானால் தண்ணீரை விடும். சோதிக்கும்போது பூட்டுக்குள் ஆள் படுத்துக்கொண்டு பார்ப்பதுண்டு. அப்படிச் செய்தால் பின்னிருக்கையை மடக்கி வழி திறந்து வைத்திருக்க வேண்டும். சின்ன உடம்பு என்று பிள்ளைகளை உள்ளே அனுப்பவே கூடாது.

ஸ்பேர் டயர் குழியில் நிற்கும் தண்ணீர் கொசுவுக்கும் பிடித்தமானது. ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்திய காரில் ஏடிஸ் முட்டையிட இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

எதைப் பூசுவது, எதைப் பூசக்கூடாது

குளியலறைக்குப் பூசும் சாதாரண சிலிக்கோன் காருக்கு ஏற்றதல்ல. பூசும்போது வினிகர் வாடை வீசுகிறதே, அது அசெட்டிக் அமிலம். சாயம் போன இரும்பில் அது பட்டால் துருவைத் தடுப்பதற்குப் பதிலாக வளர்க்கும். மேலும் சிலிக்கோன் ஒருமுறை படிந்த இடத்தில் பின்னால் சாயமோ வேறு பசையோ ஒட்டாது. தகட்டு இணைப்புகளுக்குப் பாலியூரித்தேன் வகைப் பசை, கழற்றி மாட்ட வேண்டிய இடங்களுக்குப் பியூட்டைல் நாடா என்பதே பட்டறைகளில் வழக்கம். எதைப் பூசினாலும் முதலில் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புச் சாயம் அடித்து, காயவிட்ட பிறகுதான். ஈரத்தின் மேல் பூசிய பசை ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. வடிகால் துளையைத் தெரியாமல் அடைத்துவிட்டாலும் அதே விளைவுதான்.

முன்கண்ணாடி விஷயத்தில் மட்டும் கைவைத்தியம் வேண்டாம். பழைய காலக் கார்களில் கண்ணாடி ரப்பர் சட்டத்துக்குள் செருகப்பட்டிருக்கும். பின்னால் வந்தவற்றில் அது பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிய கண்ணாடி காரின் பலத்திலேயே ஒரு பங்கு. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் வேலை உண்டு. பக்கத்து இருக்கை ஏர்பேக் விரியும்போது பல கார்களில் அது முட்டுக் கொடுத்து நிற்பதும் கண்ணாடியில்தான். நெடுஞ்சாலையில் லாரி தெறித்த கல்லால் கண்ணாடி உடைந்து, அவசரமாக வேறு மாற்றிய கார்களில், பழைய பசையை வெட்டும்போது கத்தி பட்ட கீறலில் துரு தொடங்கியிருக்கும். அந்தத் துரு புதிய பசையை அடியிலிருந்து தூக்கிவிடும். வெளியே எவ்வளவு பூசினாலும் பலனில்லை. கண்ணாடியை எடுத்து, துருவை நீக்கி, மறுபடி ஒட்டத் தெரிந்த கடையில் கொடுப்பதே வழி. பசை இறுகும்வரை எவ்வளவு நேரம் காரை எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

கூரையில் திறக்கும் கண்ணாடி உள்ள கார்களில் நான்கு மூலையிலும் வடிகுழாய்கள் உண்டு. அவற்றில் கம்பியை விடுவதும் அழுத்தக் காற்று அடிப்பதும் தவறு. குழாய் உள்ளே கழன்றுவிட்டால் கூரைத்துணி முழுவதையும் இறக்க வேண்டிவரும். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் கயிறு இதற்குப் போதும்.

காய்ந்தது போலத் தெரியும்

வழியைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாலும் வேலை பாதிதான். கார்பெட்டுக்கு அடியில் ஒரு விரல் தடிப்பில் பஞ்சோ ஸ்பாஞ்சோ இருக்கிறது. சத்தமும் சூடும் வராமல் இருக்க வைத்தது. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. மேலே கை வைத்தால் காய்ந்தது போலிருக்கும். முழங்காலை ஊன்றி அழுத்தினால் தண்ணீர் பிதுங்கும். பாண்டான் இலைக் கட்டும் வாசனைப் பொட்டலமும் வாடையை மறைக்கும், ஈரத்தை எடுக்காது.

இருக்கைகளைக் கழற்றி, கார்பெட்டையும் அடிப்பஞ்சையும் வெளியே எடுத்து, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. பூசணம் பிடித்த ஸ்பாஞ்சை எறிந்துவிடலாம். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்தே தொட வேண்டும், தெரியாதவர்கள் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். தரைத்தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மேல்பக்கம் ஈரப்பஞ்சு, அடிப்பக்கம் சாலைத் தண்ணீர், சுற்றிலும் உப்புக்காற்று என்றால் அது எத்தனை வருடம் தாங்கும்? இருக்கையும் சீட்பெல்ட்டும் பிடித்திருப்பது அந்தத் தகட்டையும் அதன் ஓர இரும்பையும்தான். விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய பெல்ட், துருப்பிடித்த இரும்பில் மாட்டியிருந்தால் என்ன பயன்? வயர் கட்டுகள் கார்பெட்டுக்கு அடியில் ஓடுகின்றன. பியூஸ் பெட்டியும், பல கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியும் டேஷ்போர்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறிய பின், ஒருநாள் விளக்கு எரியாது, இன்னொரு நாள் எஞ்சின் பிடிக்காது. காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவார்கள்.

பூசணமும் லேசான விஷயம் அல்ல. ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது. அது வீடுகளைப் பற்றியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கோன் போட்டு ஓட்டும் கார் வீட்டின் அறையைவிடச் சிறியது. பின்னிருக்கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள்.

இதையெல்லாம் பார்க்க வேறு ஆள் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 15 வயதைத் தாண்டிய கார்களுக்குச் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்று 2009-இல் அரசு அறிவித்தது. பழைய கார் வைத்திருக்கும் ஏழைகளுக்கு வீண் செலவு என்று எதிர்ப்பு எழுந்ததும் அதே ஆண்டில் அது கைவிடப்பட்டது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அதன் மறுபக்கம், தன் காரின் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கும் பொறுப்பு உரிமையாளர் தலையிலேயே நிற்கிறது. சாதாரணக் கார் காப்புறுதியும் வயதால் வந்த ஒழுகலுக்குப் பணம் தராது. வெள்ளச் சேதத்துக்கே தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொண்டால்தான் இழப்பீடு உண்டு.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

ஈரம் இருக்கும் காரில் ஒழுகல் ஒரு வகை, வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது வேறு வகை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையில் பினாங்குத் தீவும் செபராங் பிறையும் நீரில் மிதந்தன. 2021 டிசம்பரில் ஷா ஆலம் வட்டாரத்தில் கார்கள் கூரை வரை மூழ்கின. இப்படி மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருவதுண்டு. வாடை இரண்டிலும் ஒன்றுதான். ஒழுகல் காரைக் கொஞ்சம் உழைத்தால் திருத்திவிடலாம். மூழ்கிய காரின் வயர்களைத் திருத்தி முடிக்க ஆயுள் போதாது.

வித்தியாசம் காண வழி இருக்கிறது. சீட்பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். சுருளுக்குள் இருந்த பகுதியில் மண் கறையும் நீர்மட்டக் கோடும் தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், யாரும் துடைக்காத இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டல் படிந்திருக்கும். முன்விளக்கின் உள்பக்கம் மண் படிந்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஒழுகல் காரிலோ ஈரமும் துருவும் ஒரு மூலையில், தரையோடு தரையாக இருக்கும். மேலே உள்ள இரும்பு சுத்தமாக இருக்கும்.

விலை பேசும் முன் விற்பவரிடம் கேட்டுக் கார்பெட்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பதில் தவறில்லை. கதவு ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் பட்டையை எடுத்தால் போதும், முனை தானாக வரும். ஸ்பேர் டயரையும் வெளியே எடுத்துக் குழியைத் தொட்டுப் பார்க்கலாம். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.